ருசி பார்க்காத சுண்டல்

தாராவியில் முப்பிடாதியம்மாளைப் போலப் பயப்பட ஆளில்லை. வீட்டுக் குழம்பையே மூன்று தரம் ருசி பார்த்துத்தான் இறக்குவாள். இந்த வருஷம் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மக்காச்சோளமும் மொச்சையும் கலந்த சுண்டல் அவள் பொறுப்பு. எந்தக் கடையிலும் மொச்சை இல்லை. சோயா பீன்ஸ்தான் கிடைத்தது. அதுவோ வேக வேக நுரையாகப் பொங்கியது. வெந்ததா இல்லையா? படையலுக்கு முன் வாயில் போடக் கூடாதே! விரலால் நசுக்கினாள், நசுங்கியது போலவும் இருந்தது, நசுங்காதது போலவும் இருந்தது.

படையல் முடிந்து, பூசாரி வெயிலுமுத்து முதல் பிடியை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிரசாத வரிசை மொத்தமும் அவர் வாயையே பார்த்தது.

“என்ன அண்ணாச்சி, வேகலியா?” என்று கேட்டாள் முப்பிடாதியம்மாள்.

“ஆத்தாளுக்குப் பல்லு இருக்கு தாயி,” என்றார் பூசாரி. “எனக்குல்லா இல்ல.”