அம்மாவின் அடுப்பு எதிர்ச் சுவருக்குப் போன கதை

சமையலறைச் சுவரில் ஓடுகிற மஞ்சள் குழாயைப் பார்த்து, ஏம்ப்பா இதை மறைக்காமல் அசிங்கமாக விட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான். தப்பு இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

கொரோனா வந்தபோது நம் வீட்டில் எல்லாருக்கும் வாசனை போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பெயிண்ட் அடிக்கிறவன். என் மூக்கில் பெயிண்டில் கலக்கிற தின்னர் நெடிதான் குடியிருக்கும். அப்படி ஆனதில், நம் திருவேற்காட்டு வீட்டில் மூக்கு என்றால் அது உங்கள் இரண்டு பேருடையதுதான். பால் கெட்டுவிட்டதா, மாவு புளித்துவிட்டதா, எல்லாவற்றுக்கும் அம்மா உங்களைக் கூப்பிடுவாள். "இங்க வந்து மோந்து பாரு." சின்னவன் நல்ல பாலுக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவான். அது உங்களுக்கு விளையாட்டு.

அப்போது அடுப்பு ஜன்னலோரம் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாசலில் ஷூ கழற்றும்போதே, "அம்மா, கேஸ்" என்றாள். சிம்மில் இருந்த தீயைக் காற்று அணைத்திருக்கிறது. அம்மா அடுத்த அறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில், நான் வேலையில், அவள் தனியாக. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு (பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கிதான்) வீட்டுக்கு போன் போடுவேன். இன்னா பண்றே, அடுப்பு எரியுதா, போய்ப் பாரு என்பேன். ஒருநாள் அவள், எரியுது, கூடவே என் வயிறும் எரியுது, வை போனை என்றாள்.

கடைசியில், அடுப்பை ஜன்னல் இல்லாத எதிர்ச் சுவருக்கு மாற்றுவது, சிலிண்டரைப் பின்பக்க பால்கனியில் வைப்பது, அங்கிருந்து கேஸ் லைன் இழுப்பது என்று முடிவு செய்தோம். யாரைக் கூப்பிடுவது? இங்கேதான் நான் தப்பு செய்தேன். நம் மோட்டாருக்கும் டேங்குக்கும் வருகிற பிளம்பரையே கூப்பிட்டேன். நல்ல மனுஷன், நம் வீட்டுக் குழாய் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கேஸ் வேலை செய்வீங்களாண்ணே என்று தயங்கித்தான் கேட்டேன்.

"தண்ணி பைப்பு இன்னா, கேஸ் பைப்பு இன்னா, அண்ணாத்தே? உள்ள ஓடறதுதான் வேற. எங்க ஊட்லயே நான்தான் போட்டுகீறேன்."

ஒரே காலையில் முடித்துவிட்டார். ரப்பர் டியூபைப் புது அலமாரிக்குள், டிராயருக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாமல் கொண்டுபோனார். ஒழுகவில்லை என்று காட்ட, தீக்குச்சியைக் கொளுத்தி டியூபோரமாக நீட்டினார். பக்கென்று பிடிக்கவில்லை, பார்த்தீங்களா என்றார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்படி யாராவது செய்தால், பிள்ளைகளே, வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, புது இடத்தில் பால் காய்ச்சினோம். வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த டிராயர் பக்கமே கண் போய்க்கொண்டிருந்தது.

நாலு நாள் கழித்துப் பெரியவள் அலமாரியைத் திறந்தவள், ஏதோ வாடை வருதுப்பா என்றாள். சின்னவனைக் கூப்பிட்டேன். அவனுக்குச் சளி; ஒண்ணுமில்லை என்றான். பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு, ஆமாம், நாறுது என்று சிரித்தான். யாரை நம்புவது? நான் தலையை உள்ளே விட்டு மோந்தேன். தின்னர்தான். வெறும் தின்னர். அப்போதுதான் எனக்கு உறைத்தது: சளி பிடித்த ஒரு பிள்ளையின் மூக்கை நம்பி உங்கள் அம்மாவை அந்த அறையில் விட்டிருக்கிறேன். சிலிண்டரை மூடினேன். ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, லீவு போட்டு, கேஸ் ஏஜென்சிக்குப் போய், உங்கள் மெக்கானிக் வந்தால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவர் வாசலிலேயே நின்றார். வெள்ளிக்கிழமை, சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை நாங்கள் அணைத்து, ஜன்னலைத் திறந்த பிறகுதான் உள்ளே வந்தார். தீக்குச்சி கதையைச் சொன்னேன். கடிகாரம் மாதிரி ஒரு கேஜை லைனில் மாட்டிக் காற்றை ஏற்றிவிட்டு, முள்ளைப் பாருங்கள், இறங்கினால் எங்கேயோ ஒழுகுது என்றார். நாங்கள் நாலு பேரும் பார்த்தோம். முள் மெதுவாக இறங்கியது. சத்தம் இல்லை, வாசனை இல்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. டிராயரைக் கழற்றினார். நீளம் போதாமல் இரண்டு டியூபை ஒட்டுப்போட்டு, கிளிப் முறுக்கி வைத்திருந்தது. அதில் சோப்புத் தண்ணீர் தடவியதும் முட்டை முட்டையாக நுரை எழும்பியது.

"தண்ணி ஒழுகினா தரை சொல்லும். இதுக்கு மூக்குதாம்மா சொல்லணும்" என்றார் அம்மாவிடம்.

"எனக்கு வாசனை தெரியாதுண்ணே."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். சுவரைக் கையால் அளந்தார். பிறகு, அப்போ எல்லாம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி போட்டுடறேன் என்றார். செப்புக் குழாயைச் சுவர்மேலேயே, வெளியே தெரிய ஓட்டி மஞ்சள் அடித்தார். வால்வை அறை வாசலருகே வைத்தார். கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க அம்மாவுக்கே சொல்லிக்கொடுத்தார். மறுபடி கேஜ் மாட்டினார். இந்தத் தடவை முள் அசையவில்லை. அவர் போதும் என்ற பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் டீக்கடையில் பிளம்பர் பிடித்துக்கொண்டார். கேஸ் எப்டி கீது அண்ணாத்தே என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. டியூபின் ஒட்டு, முள் இறங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"எங்க ஊட்லயும் அதே மேரிதான் ஒட்டு போட்டுகீறேன்" என்றார்.

மெக்கானிக் நம்பரைக் கேட்டார். நான் போனில் தேடுவதற்குள் வீட்டுக்கு போன் போட்டு, சிலிண்டரை மூடு, ஏன்னு கேக்காதே, மூடு என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர் போனதும் எனக்கும் இருப்பு கொள்ளவில்லை. அம்மாவுக்குப் போட்டேன். கைப்பிடி குறுக்கே இருக்கா என்று கேட்டேன்.

"குறுக்கேதான் இருக்கு. மூக்குதான் போச்சு, கண்ணு இருக்கு" என்றாள்.

இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் அந்தக் குழாயை மறைக்கச் சொல்லாதீர்கள்.