வெட்டாத வீடியோ

அந்த மே மாதம் ஐரோப்பாவிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாது. கூடைப்பந்து ஆடுவதுதான் என் தொழில். இந்திய அணிக்காகச் சில நாடுகளுக்குப் போய் ஆடினேன். அதனால் ரயில்வேயில் வேலை கிடைத்தது. பிறகு அந்த வேலையையும் ராஜினாமா செய்துவிட்டு, ஒரு குளிர் தேசத்துச் சின்ன ஊரின் பெண்கள் அணியில் இரண்டு சீசன் ஆடினேன். ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிந்தது. அடுத்த சீசனுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை ஜூனில் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் பந்துக்கு எகிறி, எதிரணிப் பெண்ணின் பாதத்தின் மேல் இறங்கியதில் என் வலது கணுக்கால் மடங்கியிருந்தது. வீக்கம் வடிந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மொரப்பூர் பக்கம் எங்கள் வீடு. எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். சார்ஜ் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றேன்.

"ஒரு எடத்துல குந்தேன். பாக்கற எனக்கே தலை சுத்துது" என்பாள் அம்மா. எப்போது திரும்பிப் போகிறாய் என்று யாராவது என்னைக் கேட்டால் அவளே முந்திக்கொண்டு, "லீவுல வந்திருக்குது" என்று சொல்லிவிடுவாள். ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவான். டிவியில் ரயில்வே ஆளெடுப்புச் செய்தி வந்தால் பேசாமல் சேனலை மாற்றுவான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

ஜூன் முதல் வாரம் கோச்சிடமிருந்து மெசேஜ் வந்தது. என்னை எடுத்துக்கொள்ள அவருக்கு விருப்பம்தான். ஆனால் கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓட்டம், பத்து ஷாட், வலது காலில் மட்டும் ஐந்து தாவல். இதெல்லாம் ஒரே வீடியோவாக, எங்கேயும் வெட்டாமல், மூன்று நாளைக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

படம் பிடிக்க ஆள் வேண்டுமே. அரூரில் ஜவுளிக்கடையில் வேலை செய்யும் அண்ணியைத்தான் கேட்டேன். அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்தார். அரூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சிமெண்ட் போட்ட கூடைப்பந்து மைதானம் உண்டு. போய்ப் பார்த்தால் அன்று அங்கே ஆசிரியர்களுக்கு ஏதோ பயிற்சி. மைதானம் முழுக்க ஸ்கூட்டியும் பைக்கும் நின்றன. ரிங்குக்கு நேர் கீழே ஒரு கார்.

"அஞ்சு மணிக்கு எடுத்துருவாங்க. நிழல்ல உக்காருங்க" என்றார் வாட்ச்மேன். அண்ணி உட்கார்ந்தார். நான் பந்தைத் தட்டிக்கொண்டே வராந்தாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உள்ளிருந்து ஒரு டீச்சர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, சத்தம்" என்றதும் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று.

வண்டிகள் போனபின் ஆரம்பித்தோம். அண்ணி ஐந்தடிக்கும் குறைவு, நான் ஆறடி. முதல் தடவை எடுத்ததில் எனக்குத் தலையே இல்லை. பெஞ்சை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று மறுபடி எடுத்தார். ஓட்டம் நன்றாக வந்தது. பத்து ஷாட்டில் எட்டு விழுந்தது. தாவலில் முதல் மூன்றும் சுத்தம். நான்காவதில் கணுக்காலுக்குள் சுரீர் என்றது. இடது காலைச் சட்டென்று ஊன்றிவிட்டேன். ஐந்தாவதிலும் அப்படியே.

"அந்தக் கால் தாங்கல பாப்பா" என்றார் அண்ணி.

"நீங்க எடுங்க அண்ணி. அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? நாள் பூரா கடையில நிக்கறவ நான். எந்தக் கால்ல பாரம் போவுதுன்னு எனக்குத் தெரியாதா?"

இன்னும் இரண்டு தடவை எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் முன்னைவிட மோசமாகத்தான் இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில், சீட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தபடியே, ஓட்டமும் ஷாட்டும் நன்றாக வந்த வீடியோவில் கடைசி இரண்டு தாவல்களை வெட்டினேன். இன்னொரு தடவை எடுத்ததிலிருந்து சுமாராக வந்த முதல் இரண்டை எடுத்து அங்கே ஒட்டினேன். அண்ணி ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அனுப்பறது உன் இஷ்டம். ஆனா நான் புடிச்சது அது இல்ல" என்றார். பஸ் நிறுத்தத்தை அடைவதற்குள் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. கோச்சுக்குத் திருப்தி. ஒப்பந்தத் தாள்கள் இரண்டு வாரத்தில் வரும். அம்மா உடனே சித்திக்குப் போன் போட்டாள். வீட்டில் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். எனக்குத்தான் முன்பைவிட அதிகமாக இருப்புக்கொள்ளவில்லை. தினமும் விடிகாலையில் பஸ் பிடித்து அதியமான்கோட்டை போய், ஹைவே ஓரத்துச் சர்வீஸ் ரோட்டில் ஓடினேன். நான்காம் நாள் ஒரு டீக்கடை முன்னால் கால் வலித்து நின்றேன். குனிந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, முதல் சீசனில் பார்த்த ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

வேறு நாட்டிலிருந்து வந்த பெண். முழங்கால் அடியை மறைத்துக்கொண்டு வந்திருந்தாள். சேர்ந்த மூன்றாம் நாள் மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துபோயிற்று. சாயங்காலமே திரும்புகிற டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெட்டிமேல் உட்கார்ந்து அவள் டாக்ஸிக்குக் காத்திருந்தபோது, நாங்கள் யாரும் கிட்டே போய் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோச்சைக் கூப்பிட்டேன். நேர்மை என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல முடியாது, பயம்தான். வீடியோவை வெட்டி ஒட்டியதைச் சொன்னேன். அவர் முழுதாக எடுத்ததை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இரண்டு நாளில் முடிவு வந்தது. என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். கால் தேறினால் ஜனவரியில் அரை சீசனுக்குக் கீழ்ப் பிரிவில் ஓர் அணி ஆள் தேடும், அவர்களிடம் சொல்லி வைக்கிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அண்ணிதான், "சேலத்துல நல்ல பிசியோ இருக்காராம், கடையில ஒருத்தங்க சொன்னாங்க" என்று விலாசம் வாங்கி வந்தார். வாரம் மூன்று நாள் மொரப்பூரில் ரயில் ஏறிப் போய்வந்தேன். ஐந்து மாதம். ரயிலிலும் உட்காராமல், கதவருகே ஒற்றைக் காலில் நின்றே பழகினேன்.

ஜனவரியில் அந்தக் கீழ்ப் பிரிவு அணி கூப்பிட்டது. அங்கே ஒருத்தி பேக்கரியில் வேலை செய்கிறவள், இன்னொருத்தி மழலையர் பள்ளி டீச்சர். எல்லோரும் வேலை முடித்துவிட்டுத்தான் பயிற்சிக்கு வருவார்கள். முதல் ஆட்டத்தில் பாதி நேரம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு இறக்கினார்கள்.

மறுநாள் காலை அண்ணிக்குப் போன் போட்டேன். ஊரில் பொங்கல் நேரம். கடை இரைச்சல் அப்படியே கேட்டது.

"ஜெயிச்சீங்களா?"

"தோத்துட்டோம் அண்ணி. ஆனா பதினாறு நிமிஷம் ஆடினேன்."

"காலு?"

"ஒண்ணும் ஆவல."

"சரி, வையி. கும்பல் நிக்குது."

அன்று பயிற்சிக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. அறையில் இருக்க முடியாமல் பந்தை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஒப்பந்தம் மார்ச் வரைக்கும்தான். அதற்கப்புறம் எந்த ஊர் என்று யோசித்தபடி, யாராவது வந்து திறக்கும்வரை பனியில் கட்டிடத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன்.