செல்வி அணையைத் திறந்தாள்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் முதலில் உள்ளங்காலில் குளிர் ஏறும்; பிறகு புது பிளாஸ்டிக்கும் சூடேறிய கம்பியும் கலந்த ஒரு வாசனை வரும். தொண்ணூறுகளின் கடைசியில், திருநெல்வேலி டவுணில் எங்கள் தாய்மாமா நடத்திய 'கம்ப்யூட்டர் சென்டர்' அது. முழுப்பரீட்சை லீவில் மணிமுத்தாறிலிருந்து வந்து தங்கும் எனக்கும் தங்கை செல்விக்கும், வகுப்பு இல்லாத மத்தியானங்களில் மாமா ஒரு கம்ப்யூட்டரை விட்டுக்கொடுப்பார். ஊர் கட்டி, வயல் போட்டு, படை சேர்த்து, பக்கத்து ராஜாவை ஜெயிக்கும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. நான் சீக்கிரமே தோற்றுவிடுவேன். ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த செல்வி, கோழி அறுப்பதைப் பார்த்தாலே அழுகிறவள், அதில் தோற்றதே இல்லை. "மூளைக்கு வேலை குடுக்குத விளையாட்டு, யக்கா" என்று மாமா அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

எங்களைக் கூட்டிப்போக வந்த அப்பா, செல்வியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். அப்பாவுக்கு மணிமுத்தாறு அணையில் ஷட்டர் ஏற்றி இறக்கும் வேலை. அடைமழையில் தண்ணீர் திறக்க வேண்டி வந்தால், அணையில் அபாயச் சங்கு ஊதப்போவது தெரிந்தும் மனம் கேட்காமல், முன்னதாகவே சைக்கிளில் போய் ஆற்றங்கரைக் குடிசைகளின் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வருகிறவர்.

திரையில் ஓர் ஆறு, மேலே ஓர் அணை, கீழே எதிரியின் ஊர். செல்வி அணையைத் திறந்தாள். வீடுகளும் மாடுகளும் சந்தையில் நின்ற ஆட்களும் நீலத்துக்குள் மறைந்தார்கள். அவள் கைதட்டிச் சிரித்தாள்.

அப்பாவின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, அந்த ஊர்ல ஆளுவ இருந்தாவளா?"

"இருந்தாவப்பா. நம்ம ஆளுவ இல்ல."

"முன்னாடியே சொல்லி அனுப்பியிருக்கலாம்லா?"

"அதுக்கு இதுல பட்டன் கிடையாதுப்பா."

மாமா சமாதானமாக, "விளையாட்டுதான அத்தான், பிள்ளைக்கு எப்படி யோசனை போவுதுன்னு பாருங்க" என்றார்.

"அதத்தான் பாக்கேன் மாப்ளே."

பிறகு அப்பா, யாரும் எதிர்பாராமல், தனக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டுத்தடுமாறி ஊர் கட்டினார். எதிரிப்படை ஆற்றோரமாக வந்தபோது, "இப்பத் திறங்கப்பா" என்று செல்வி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்பா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். அவர் கட்டிய வயல், சந்தை, அரண்மனை என்று வரிசையாக எரிந்தது. ஜெயிக்க முடிந்த ஆட்டத்தை உட்கார்ந்தே தோற்ற அப்பாவை அவள் நம்பமுடியாமல் பார்த்தாள்.

"ஏம்ப்பா திறக்கல?"

"கை வரலம்மா. தோத்துட்டுப் போறேன்."

ஊர் திரும்பும் பஸ்ஸில் செல்வி அழுதுகொண்டே வந்தாள். எந்த ஊருக்காக அழுதாள் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா அந்த விளையாட்டைத் தடுக்கவில்லை. அடுத்த லீவிலும் அவள் விளையாடினாள், அணையையும் திறந்தாள். ஆனால் திறப்பதற்கு முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

இன்று அந்த சென்டர் இருந்த இடத்தில் துணிக்கடை. அப்பாவும் இல்லை. அதே மாதிரி ஒரு விளையாட்டை என் மகன் செல்போனில் ஆடுகிறான். பிள்ளைகளுக்கு அது ஆகுமா ஆகாதா என்று கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவன் கட்டிலில், பின்னால் ஆள் நிற்க இடமில்லாமல், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து விளையாடுகிறான்.