அக்காவுக்குத் தைத்த போர்வை

கண்டியில் ஒரு தையல் கடைக்காரர் வெட்டுத்துண்டுகளைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடு ஞாபகம் வந்தது.

இந்தியக் குடியுரிமை கிடைத்து, அக்கா புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்குப் புறப்பட்டாள். எங்கள் எல்லாருடைய பழைய உடுப்புகளையும் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, அம்மா அவளுக்கொரு போர்வை தைத்தாள். அடுப்புப்புகையும் தேயிலைக்கறையும் அதில் மணத்தன.

ரயில் நகர்ந்தபோது அக்கா அதை ஜன்னல் வழியே வெளியே நீட்டினாள்.

"அங்க வெயிலுதானாம்மா. ஒனக்குத்தான் குளிரும்."

"நீயே கொண்டு போ புள்ள!" என்று கத்திக்கொண்டே அம்மா ஓடினாள். போர்வை பிளாட்பாரத்தில் விழுந்தது.

அம்மா அதைக் கடைசிவரை போர்த்தவில்லை. அவளைப் புதைத்த அன்று அப்பாதான் போர்த்திவிட்டார். அக்காவுக்குச் சொல்லியனுப்ப எங்களிடம் விலாசம் இல்லை. இன்றும் இல்லை.