படங்கு கட்டும் இடத்தில் ஒரு தழும்பு

சென்ற ஆண்டு மழைக்காலம். கோத்தகிரிக்கும் ஊட்டி மருத்துவமனைக்குமாக அண்ணியோடு பேருந்தில் அலைந்து நான் சலித்திருந்தேன். அண்ணி எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். கருப்பையில் பெரிய கட்டி, ஓயாத உதிரப்போக்கு. கருப்பையோடு அகற்றுவதென்று முடிவாகிவிட்டது. எந்த முறையில் என்பதுதான் மீதமிருந்தது.

சிறு துளைகளிட்டு, கட்டியை உள்ளேயே இயந்திரத்தால் துண்டுகளாக்கி வெளியே எடுக்கலாம் என்றார் மருத்துவர். அண்ணியின் முகம் தெளிந்தது. தேயிலைச் செடி உரசாமலிருக்க, பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணியை இறுக்கிக் கட்டுவார்கள். வயிற்றைத் திறந்து தைத்தால் அதைக் கட்ட வெகுநாளாகும். துளையென்றால் விரைவில் வேலைக்குத் திரும்பலாம்.

"ஒருவேளை அது புற்றுக்கட்டியா இருந்தா?" என்று கேட்டேன்.

அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். "ஏனம்மிணி, படிச்சதையெல்லாம் இங்கயே கொட்டோணுமா?"

மருத்துவர் கோபிக்கவில்லை. "அபூர்வம்ங்க. ஆனா இருந்துட்டா, துண்டு போடறப்ப வயித்துக்குள்ள பரவிரலாம். ஸ்கேன்ல முன்னாடியே உறுதியாச் சொல்ல முடியாது. உள்ள ஒரு பிளாஸ்டிக் பைய விட்டு, அதுக்குள்ள வெச்சு வெட்டுனா ஆபத்து குறையும், அறவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வயித்தத் திறந்தா முழுசா எடுக்கலாம். ஆனா காயம் பெருசு. அதுக்கும் தனி ஆபத்து இருக்குங்க."

திரும்பும் பேருந்தில் அண்ணி கேட்டார்: "நீயா இருந்தா என்ன பண்ணுவே?"

"திறந்தே எடுக்கச் சொல்லுவேன் அண்ணி."

"உனக்கென்ன, நாற்காலிப் பொழப்பு" என்றவர், மறுமுறை சென்றபோது திறந்தே எடுக்கும்படி மருத்துவரிடம் சொன்னார்.

கட்டி முழுதாக வந்தது. காயமோ சீழ் வைத்து, ஆறப் பல வாரங்கள் ஆயின. கொழுந்து மிகுந்த பருவம் அவரில்லாமலே கடந்தது. ஆய்வகத்தில் அது சாதாரணக் கட்டி என்றார்கள். நான் அழுதுவிட்டேன். "சாதாக் கட்டிக்கா இந்தக் கிழி?" என்று சிரிக்கத் தொடங்கிய அண்ணி, வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது தழும்பில் உரசாதபடி படங்கை மார்புக்குச் சற்றுக் கீழே ஏற்றிக் கட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கட்டி என்றதும், "எங்கூட்டு அம்மிணியக் கூட்டிட்டுப் போ, அவ விடாமக் கேப்பா" என்று அவரே என்னிடம் அனுப்பிவைத்தார். போகத்தான் போகிறேன், அதே கேள்வியைக் கேட்கத்தான் போகிறேன். ஆனால் அந்தப் பெண் என் முகம் பார்த்து முடிவு கேட்கும்போது, மேலேறிய அந்தப் படங்கு என் கண்முன் வந்து நிற்கும். அண்ணி பட்டது வீணா, காப்பா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.