மட்டையோடு ஓடியவள்

எண்பத்தேழாம் ஆண்டுக் கோடையில் என் மகளுக்கு ஒன்பது வயது. அதற்கு முன் நான் பேஸ்போலை ஒரு முழு ஆட்டமாகப் பார்த்ததே கிடையாது. அதனால் என்ன? ஒருவன் பந்தை எறிகிறான், மற்றவன் அடிக்கிறான், அடித்தவன் ஓடுகிறான். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு இதில் படிக்க ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்போது, புலம்பெயர்ந்து வந்த நாட்டில், பார்க்டேல் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தின் எட்டாம் தளத்தில் இருந்தோம். கட்டடத்தில் யாருக்காவது கிரிக்கெட்டில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள். உண்மையில், ஊரில் எங்கள் பள்ளிக்கூட அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். பதினொரு பேரில் ஒருவனுக்குக் கால் சுளுக்கினால்தான் எனக்கு மைதானம். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. என் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளுடைய அண்ணன் அந்தப் பதினொருவரில் ஒருவன். அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. தேவைப்படும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

மகள் வகுப்புச் சிநேகிதியோடு போய், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் அணி ஒன்றில் சேர்ந்திருந்தாள். பந்தை அடித்துவிட்டு ஓடிப்போய்த் தொட வேண்டிய வெள்ளைச் சதுரத் திண்டுக்குப் பேஸ் என்று பெயர். இரண்டு மாதம் ஆடியும் அவள் முதலாவது பேஸைக்கூட எட்டவில்லை. கோடை முடிவில் ஒரு சனிக்கிழமை சுற்றுப்போட்டி வைத்தார்கள். எப்படித் தோற்றாலும் இரண்டு ஆட்டம் உண்டு, அதோடு அந்த ஆண்டு விளையாட்டு முடிந்தது.

"ஒருக்காலாவது நான் பேஸிலை நிக்கவேணும், அப்பா. ரீமிலை நான் மட்டும்தான் இன்னும் நிக்கேல்லை," என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னதால் நானே பயிற்சியில் இறங்க வேண்டியதாகிவிட்டது.

எட்டாம் தளத்து நடைபாதைதான் எங்கள் மைதானம். லிஃப்ற் கதவு விக்கெற். அங்கிருந்து, கடைசி வீட்டுக் கிழவியின் கால்மிதி வரை ஓட வேண்டும். "கடைசி ரெண்டு அடியை ஓடி வீணாக்காதை, பிள்ளை. குனிஞ்சு மட்டையை நீட்டிக் கோட்டுக்குள்ளை வை. ஆள் வெளியிலை நிண்டாலும் மட்டை உள்ளையெண்டால் நீ உள்ளை," என்று சொல்லிக் கொடுத்தேன். நான்கு நாளில் மட்டையின் நுனி கால்மிதியை வழுக்கித் தொடும் அழகைப் பார்க்க வேண்டுமே. கிழவி கதவைத் திறந்து இரண்டு முறை முறைத்தாள். நான் குட்மோர்னிங் சொன்னேன்.

மட்டையை எறியக் கூடாது என்பது நான் போட்ட அடுத்த சட்டம். வாங்கி வந்த அன்றே அந்த அலுமினிய மட்டையைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பள்ளிப் புத்தகங்களுக்கு மேலே கிடத்திச் சந்தனமும் குங்குமமும் வைத்தவன் நான். பூசையில் வைத்த பொருளை நிலத்தில் எறிகிற பிள்ளையை நான் வளர்க்கவில்லை.

மனைவி அப்போது மாலை வகுப்பில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும் எந்தக் கடதாசியையும் அகராதியோடு உட்கார்ந்து வாசித்து முடிக்காமல் விடமாட்டாள். அணியிலிருந்து வந்த விதிப் புத்தகத்தையும் விடவில்லை.

"இஞ்சருங்கோ, உதிலை காலாலை தொடவேணும் எண்டெல்லோ கிடக்கு. மட்டையைப் பற்றி ஒண்டும் இல்லை," என்றாள்.

"உமக்கு உது விளங்காது," என்றேன். அவள் அந்தப் பார்வையைப் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை முதல் ஆட்டம். மூன்றாவது தடவை மட்டை பிடித்தபோது மகள் அடித்தாள். நல்ல அடி. பந்து எறிந்தவனைத் தாண்டிப் புல்லில் உருண்டு போனது. அவள் மட்டையோடு ஓடினாள். பேஸுக்கு இரண்டு அடி முன்னால் நின்று, குனிந்து, மட்டையை நீட்டினாள். நுனி வெள்ளைத் திண்டைத் தொட்டபோது பந்து இன்னும் காற்றில் வந்துகொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் சொல்வேன், கிரிக்கெட்டில் அதைவிடச் சுத்தமாக ஓர் ஓட்டத்தை முடிக்க முடியாது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் பந்தைப் பிடித்த பையன் திண்டை மிதித்தான். அம்பயர் கட்டைவிரலைத் தோளுக்கு மேலே ஆட்டினார். அவுட்.

நான் மைதானத்துக்குள் இறங்கிவிட்டேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தது தெரியும், ஆனால் நின்றால்தானே. அம்பயர் ஒரு பெருத்த மனிதர். சூரியகாந்தி விதையை மென்று கோதைத் துப்பியபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். மட்டை எப்போது தொட்டது, பந்து எப்போது வந்தது எல்லாவற்றையும் கையால் அளந்து காட்டினேன். கடைசியில், "சேர், இது பேஸ்போல்," என்றார். நான் திரும்பி நடந்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று ஊரில் எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருப்பேன்! அன்றைக்கு அது எனக்கே வந்து பொருந்தியது.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன் ஒரு மணித்தியாலம் இருந்தது. மரநிழலில் மனைவி மீன் றோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். மகள் தொடவில்லை.

"உந்தக் கோச் ஒழுங்காச் சொல்லித் தரேல்லை," என்றேன்.

"கோச் சொன்னவர். எவ்ரி பிறக்ரிஸும் சொன்னவர். ட்றொப் த பற், மட்டையைப் போட்டிட்டு ஓடு எண்டு." அவள் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "நீங்கள் வேறை மாதிரிச் சொன்னீங்கள். அதாலை உங்கடை சொல்லைக் கேட்டனான்."

அவளுக்கு விதி தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை நம்பியிருக்கிறாள். மனைவி இந்த முறை அந்தப் பார்வையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சண்டை பிடித்துத் தப்பியிருக்கலாம்.

"எனக்கு உந்த விளையாட்டுத் தெரியாது, பிள்ளை," என்றேன். "இனிக் கோச் சொல்லுறதைக் கேள்."

"ஆனால் கிரிக்கெட் தெரியும்தானே?"

"அதுவும் கனக்கத் தெரியாது. நான் பன்னிரண்டாவது ஆள்."

"அது என்ன?"

"மற்றவை விளையாடேக்கை தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறவன்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளும் சிரித்தாள். பிறகு ஒரு றோல்ஸை எடுத்தாள்.

இரண்டாவது ஆட்டத்திலும் எங்கள் பக்கம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில், இரண்டு பேர் அவுட்டான பிறகு அவள் முறை வந்தது. இந்த முறை நல்ல அடி இல்லை. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு மூன்றாவது பேஸ் பக்கமாகச் சோம்பலாக உருண்டது. அவள் மட்டையோடு இரண்டு எட்டு ஓடினாள். ஓரத்து வாங்குப் பலகையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள். அவள் நின்றாள். குனிந்து, இரண்டு கையாலும் மட்டையைப் புல்லில் பக்குவமாகக் கிடத்தினாள், சரஸ்வதிக்கு முன்னால் வைப்பதுபோல.

"எறி பிள்ளை, எறிஞ்சுபோட்டு ஓடு!" என்று கத்தியவன் நான்தான்.

ஓடினாள். பந்தைப் பொறுக்கிய பையன் அவசரத்தில் அதைக் கைதவற விட்டு, மறுபடி எடுத்து எறிந்தான். அம்பயர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார். அவுட் இல்லை. மனைவி என் காதுக்குள், "கால்," என்றாள்.

மகள் வெள்ளைத் திண்டில் இரண்டு காலையும் வைத்து நின்று, என்னைப் பார்த்துத் தன் சப்பாத்துகளைச் சுட்டிக் காட்டினாள். அடுத்த பிள்ளை மூன்று பந்தையும் தவறவிட, ஆட்டம் முடிந்தது. தோற்றுப்போனோம். எல்லாரும் கைகுலுக்க வரிசையாக நடந்தார்கள். அவள் மட்டும் பேஸை விட்டு இறங்கவில்லை.

நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினேன். என்னைக் கண்டதும் அம்பயர் ஓர் எட்டுப் பின்வாங்கினார். அவரைத் தாண்டி முதலாவது பேஸுக்கு நடந்தேன். இந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும்.