பட்டி பூசிய சுவர்

அந்தத் தெருவில் அவரைப் பட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயின்ட் அடிக்குமுன் விரிசலில் பட்டி வைத்துத் தேய்ப்பதில் அவர் கை அப்படி. தெருவுக்கும் அவர் தயவு ஓயாமல் வேண்டியிருந்தது. மலையிலிருந்து நேராக இறங்கிவரும் ஓடை தெருமுனையில் பக்கவாட்டில் ஒடிந்து, கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் மறுபடி இறங்கும். ஓடை ஒடியும் அதே கோட்டில் நடைபாதைக் கல்வரிசையும் கோணிக்கொண்டு நிற்கும். அந்தக் கோட்டின்மேல் இருந்த வீடுகளிலெல்லாம் வருஷம் தவறாமல் விரிசல். பட்டிக்காரர் வீட்டுப் பின்னறையிலும்தான்.

கைக்குழந்தையோடு வரப்போகும் மகளுக்காக அந்த அறையை அவர் ஒழித்துக்கொண்டிருந்தபோது, நில ஆய்வு அலுவலகத்துப் பெண் வந்தாள்.

“ஐயா, உங்க வீட்டுக்குக் கீழ நிலப்பிளவு ஓடுது. ரெண்டு பக்கமும் எதிரெதிரா மெல்ல நகருது. இந்தச் சுவர் இதுவரை எவ்வளவு விட்டிருக்கு?”

“அதெப்படிம்மா தெரியும்? விட்டதும் அடைச்சிடுவேனே.”

“இவர் அடைச்சா, விரிசலுக்கே தான் இருந்த இடம் மறந்துபோகும்” என்றாள் மனைவி பெருமையாக.

வந்தவள் சிரிக்கவில்லை. அவர் கத்தியை எடுத்துச் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மகள் பள்ளிக்குப் போன காலத்து மஞ்சள். கத்தி பிடிவரை உள்ளே போனது.

பிளவின் குறுக்கே அந்தப் பெண் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினாள். “இது உடைஞ்சா சுவர் நகர்ந்திருக்குன்னு அர்த்தம். யோசிக்காம வெளிய வந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க.”

“ஊருக்கெல்லாம் பூசுறீங்க, நம்ம சுவரு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது” என்று மனைவி முணுமுணுத்தாள்.

“பூசிப் பூசித்தான்டி இந்த கதி” என்றார். கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டார்.

மகள் வந்தாள். அவர் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார். அது முழுசாக இருந்ததுகூட அவருக்குத் தைரியம் தரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர் முன்னறைக் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

“தெருச் சத்தத்துல பிள்ளை தூங்கலைங்க. பின்னாடி போட்டிருக்கேன்” என்றாள் மனைவி.

குழந்தை சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே கண்ணாடி இரண்டாகியிருந்தது. ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை. யாருக்கும் சத்தமே கேட்டிருக்கவில்லை.

அவர் குழந்தையை வாரி எடுத்தார்.

“இப்பதானே கண்ணசந்தா, எங்க தூக்கிட்டுப் போறீங்கப்பா?” என்று மகள் பின்னாலேயே வந்தாள்.

“அம்மாவைக் கூட்டிட்டு வா. செருப்பெல்லாம் தேடாத.”

வெயிலில் இறங்கியதும் அவர் கால் நின்றுவிட்டது. கோணிய கல்வரிசைக்கு இந்தப் பக்கம் நிற்பதா, அந்தப் பக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை.